போர்வைக்குள் ஒளிந்திருந்த இரண்டு டம்ளர் தண்ணீர்

"அத்தை, இது முங்கவே மாட்டேங்குது!"

மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் பாதிக்குத் தண்ணீர். குளத்தில் கிடக்கும் எருமை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது எங்கள் வீட்டுப் பஞ்சுப் போர்வை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் இரண்டு கையாலும் அதை அமுக்குகிறாள். அமுக்கிய இடம் உள்ளே போகிறது, பக்கத்து இடம் உப்பிக்கொண்டு மேலே வருகிறது. அங்கே பாய்ந்தால் இங்கே எழும்புகிறது.

மதுரையில் பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே தரையைச் சுட வைத்துவிடும். மார்கழிப் பனிக்காகப் பரணிலிருந்து இறக்கிய போர்வையைத் துவைத்து மறுபடி ஏற்றிவைக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. கடையில் இதைக் கம்ஃபர்ட்டர் என்பார்கள். வடக்கே ரஜாய். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, பஞ்சு நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தைத்திருப்பார்கள். எங்கள் போர்வைக்குள் இருப்பது பாலியஸ்டர் பஞ்சு.

அது ஏன் மூழ்கவில்லை? டேப் வைத்து அளந்து பார்த்தோம். நீளம் 220 செ.மீ., அகலம் 200 செ.மீ., தடிமன் 3 செ.மீ. பெருக்கினால் 132 லிட்டர் இடம். போர்வையின் எடை 2.4 கிலோ. பாலியஸ்டர் தண்ணீரைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் அளவுக்கு அதை உருக்கிக் கெட்டியாக்கி வைத்தால் சுமார் 1.38 கிலோ இருக்கும். அப்படியென்றால் போர்வையில் உள்ள துணி, நூல், பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியாக்கினாலும் இரண்டு லிட்டர்கூட வராது. மீதி 130 லிட்டர்?

"காத்து!" என்றாள்.

காற்றேதான். நாம் போர்த்திக்கொள்வது பெரும்பாலும் காற்றைத்தான். பஞ்சின் வேலை அந்தக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து, ஓடாமல் பிடித்து வைத்திருப்பது.

போர்வை சூடு தருகிறது என்று சொல்கிறோமே, ஒரு வெப்பமானியைப் போர்வைக்குள் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும், ஒரு டிகிரிகூட ஏறாது. அதே போர்வைக்குள் ஒரு பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுற்றி வையுங்கள். வெளியே வைத்த பனிக்கட்டி கரைந்து வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே இருப்பது கரையாமல் கிடக்கும். போர்வைக்கென்று சொந்தச் சூடு கிடையாது. நம் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அதையும் செய்வது அசையாமல் நிற்கும் காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் காற்று மகா சோம்பேறி. தண்ணீரோ அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும்.

ஆகவே போர்வையைத் துவைக்கும்போது 130 லிட்டர் காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை விடுகிறோம். காயவைக்கும்போது தண்ணீரைத் துரத்திவிட்டுக் காற்றைத் திரும்பக் குடியேற்றுகிறோம். முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். போன வருடம் நானும் விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சோப்பு. சோப்புத்தூளின் மூலக்கூறுக்குத் தலை ஒரு குணம், வால் ஒரு குணம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய்ப்பசை பிடிக்கும். போர்வையில் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் நம் தலையெண்ணெயும், வியர்வையும், உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்கும்தான். வால்கள் போய் எண்ணெய்ப்பசையைக் கவ்வும். தலைகள் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அதை வெளியே இழுத்துவரும். இன்னொரு வேலையும் சோப்பு செய்கிறது. தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை என்று ஒன்று உண்டு. ஒரு மெல்லிய தோல் போர்த்தியது போல அது நிற்பதால் பஞ்சின் நுண்ணிய சந்துகளுக்குள் எளிதில் நுழையாது. சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடும். கொஞ்சம் சோப்புநீர் கலந்ததுமே போர்வை அடங்கி மூழ்கத் தொடங்கியது. குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது.

பிறகு அவள் காலைக் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். மிதி மிதி என்று மிதித்தாள். பெரிய போர்வைக்கு இதுதான் சரியான முறை. கல்லில் அடித்தாலும், கயிறு மாதிரி முறுக்கிப் பிழிந்தாலும் உள்தையல் அறுந்துவிடும். தையல் அறுந்தால் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடி உருண்டை கட்டும். அப்புறம் போர்வையில் பாதி இடம் வெறும் துணி. மிதிக்கும்போது சோப்புநீர் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே போகிறது, காலை எடுத்ததும் இன்னொரு பக்கம் உள்ளே பாய்கிறது. ஒவ்வொரு மிதியும் பஞ்சுக்குள் தண்ணீரை ஓடவைக்கும் ஒரு பம்பு.

அலசும்போது ஒரு கணக்கு போட்டோம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மிதித்துப் பிழிந்த பிறகும் போர்வைக்குள் 6 லிட்டர் சோப்புநீர் தங்கியிருக்கிறது. கையில் 72 லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தடவை ஊற்றி அலசினால் சோப்பு 78 லிட்டரில் பரவும். மறுபடி பிழிந்ததும் போர்வைக்குள் 6 லிட்டர் மிஞ்சும். அதில் பழைய சோப்பின் 13இல் ஒரு பங்கு இருக்கும். இதற்குப் பதிலாக 24 லிட்டர் வீதம் மூன்று தடவை அலசினால்? முதல் தடவை 6 லிட்டர் 30 லிட்டராகிறது, மிஞ்சுவது 5இல் ஒரு பங்கு. இரண்டாம் தடவை 25இல் ஒரு பங்கு. மூன்றாம் தடவை 125இல் ஒரு பங்கு. தண்ணீர் அதே 72 லிட்டர்தான். சோப்போ ஏறக்குறைய பத்து மடங்கு குறைந்துவிட்டது! தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பஞ்சுக்குள் சோப்பு தங்கினால் பஞ்சு பிசுபிசுக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், தூசியையும் இழுக்கும்.

வாஷிங் மெஷினில் போட்டால் என்ன என்று கேட்கலாம். மெஷின் மீது எழுதியிருக்கும் 6.5 கிலோ, 7 கிலோ என்பது காய்ந்த சாதாரணத் துணிகளுக்கான எடை. பஞ்சுப் போர்வை எடையில் சிறியது, உருவத்தில் பெரியது. அடைத்துத் திணித்தால் புரள இடம் இருக்காது, நடுப்பகுதி நனையவே நனையாது. சுழலும்போது கனம் ஒரு பக்கமாகச் சேர்ந்து மெஷின் குதிக்கும். போதுமான அளவு பெரிய மெஷினாக இருந்தால் நல்லதுதான். கால் மீட்டர் ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும்போது, அதன் சுவரோடு ஒட்டிய ஒவ்வொரு சொட்டு நீரும் தன் எடையைப்போல் 400 மடங்கு விசையில் சுவரை அழுத்தும். ஓட்டைக்கு நேரே வந்த சொட்டு வெளியே பறந்துவிடும். அந்த வேலையைக் கையால் பிழிந்து யாரும் செய்ய முடியாது. எங்கள் மெஷின் சின்னது. அதனால் கால்கள்.

இனி காயவைக்கும் கதை. இங்கேதான் எங்கள் சோதனை தொடங்கியது.

வீட்டில் எடை பார்க்கும் தட்டு ஒன்று இருக்கிறது. நான் அதன் மேல் தனியாக ஏறி நின்றேன். பிறகு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் போர்வையின் எடை. துவைக்கும் முன்பே 2.4 கிலோ என்று எழுதி வைத்திருந்தோம். மிதித்துப் பிழிந்த போர்வை காலை ஒன்பது மணிக்கு 8.4 கிலோ. அதாவது 6 கிலோ தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இந்தக் கணக்குக்கு மனக்கணக்கே போதும்.

இவ்வளவு கனத்துக்குக் கிளிப் உதவாது. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வேலி என்ற இடத்தில் பெரிய சலவைக்கூடம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே துவைப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தினர். அவர்கள் காயப்போடுவதற்குக் கிளிப்பே தேடுவதில்லை. முறுக்கிய கயிற்றுப் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். உராய்வு பிடித்துக்கொள்ளும், காற்றடித்தாலும் துணி பறக்காது. வேட்டிக்கும் விரிப்புக்கும் அருமையான வழி. எட்டரைக் கிலோ போர்வைக்கு அதுவும் போதாது, குறுக்கே போட்டுத்தான் ஆகவேண்டும். ஒரே கயிற்றில் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவே காற்று போகாது. ஆகவே ஒரு முழ இடைவெளியில் இரண்டு கயிறுகள் கட்டி அவற்றின் மேல் பந்தல் மாதிரி விரித்தோம். உள்ளே ஒரு சுரங்கப்பாதை உண்டானது.

அவள் உடனே அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். "அத்தை, ஏசி போட்ட மாதிரி இருக்கு, நீங்களும் வாங்க!"

வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே குளிர்கிறது. ஏன்? தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்குக் கூலி கொடுக்கவேண்டும். கூலி வெப்பம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை, கொதிக்க வைக்காமல், 30 டிகிரியிலேயே ஆவியாக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். எட்டு மடங்குக்கும் மேல்! இந்த வெப்பத்தை ஈரப் போர்வை வெயிலிடமிருந்தும், வீசும் காற்றிடமிருந்தும், சுரங்கத்துக்குள் உட்கார்ந்திருந்த சிறுமியிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருப்பதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கூலிக் கணக்குத்தான்.

6 லிட்டரில் ஒரு லிட்டர் சொட்டிப் போனது என்று வைத்துக்கொண்டாலும் 5 லிட்டர் ஆவியாகவேண்டும். அதற்குத் தேவைப்படும் வெப்பத்தை மின்சாரத்தில் கொடுப்பதானால் ஏறத்தாழ மூன்றரை யூனிட். எங்கள் மொட்டை மாடியில் சூரியனும் காற்றும் அதைச் சும்மா கொடுத்தன.

மணிக்கு ஒரு தடவை எடை போட்டோம். பத்து மணிக்கு 6.9. பதினோரு மணிக்கு 5.7. பன்னிரண்டுக்கு 4.6. ஒரு மணிக்கு 3.7. அவள் சொன்னாள், "மணிக்கு ஒரு கிலோ போகுது. ரெண்டரை மணிக்கெல்லாம் காஞ்சிடும்."

நோட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு மணிக்கு 3.1. மூன்று மணிக்கு 2.8. வெயில் அப்படியே இருந்தது, காற்றும் குறையவில்லை. போர்வையைத் தொட்டுப் பார்த்தோம். மொறுமொறுவென்று காய்ந்து சூடாக இருந்தது. யாரைக் கேட்டாலும் "காஞ்சிருச்சு, எடுத்து மடி" என்பார்கள். போன வருடம் இதே நேரத்தில்தான் எடுத்து மடித்துப் பரணில் ஏற்றினேன்.

எடைத்தட்டு வேறு கதை சொல்கிறது. 2.8இல் 2.4 போனால் 0.4. நானூறு மில்லி. இரண்டு டம்ளர் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது!

என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, படியேறி வந்து போர்வையின் தைத்த மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மேல காஞ்சா போதுமாடி? உள்ள பச்சையா இருக்கு" என்றார். எடைத்தட்டு இல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்துத் தோல் குளிர்ச்சியை உடனே கண்டுபிடிக்கும். ஈரம் இருக்கும் இடத்தில் ஆவியாதல் நடக்கும், அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும்.

வேகம் ஏன் குறைந்தது? முதலில் வெளித்துணியில் இருந்த ஈரம் போனது. அது போகப்போக உள்ளிருந்த தண்ணீர் நூலின் நுண்துளைகள் வழியாக, திரி எண்ணெயை இழுப்பது போல, மேலே வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. அதனால் வெளிப்புறம் எப்போதும் ஈரம், ஆவியாதல் ஏறக்குறைய ஒரே வேகம். கடைசியில் அந்தத் தொடர் அறுந்துவிடும். உள்ளே மிஞ்சிய ஈரம் அங்கேயே ஆவியாகி, 3 செ.மீ. பஞ்சைக் கடந்து, வளைந்து நெளிந்து வெளியே வரவேண்டும். குளிரைத் தடுக்க எந்தக் காற்றறைகள் உதவினவோ அதே அறைகள் இப்போது ஆவிக்கு வழிமறிக்கின்றன. வெயிலின் சூடும் உள்ளே போகாது. போர்வையின் வேலையே சூட்டைக் கடக்கவிடாமல் தடுப்பதுதானே!

அதனால்தான் புரட்டிப் போடவேண்டும், உதறவேண்டும், நான்கு மூலையையும் பிடித்துத் தட்டவேண்டும். உதறும்போது உள்ளே தேங்கிய ஈரக்காற்று வெளியேறி உலர்ந்த காற்று நுழைகிறது. கட்டிபட்ட பஞ்சும் பிரிகிறது. வாத்து இறகு அடைத்த போர்வைகள் குளிர்நாடுகளில் உண்டு. அவற்றை உலர்த்தும் மெஷினுக்குள் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளையும் சேர்த்துப் போடுவார்கள். பந்துகள் துள்ளித் துள்ளி அடித்து இறகுக் கட்டிகளைப் பிரித்துவிடும்.

போன வருடம் பரணில் வைத்த போர்வையை மார்கழியில் இறக்கியபோது ஒரு புழுங்கல் நாற்றம். எவ்வளவு வாசனைத் திரவம் தெளித்தும் போகவில்லை. அந்த நாற்றம் ஈரத்தின் நாற்றம் இல்லை, ஈரத்தில் குடியேறிய பாக்டீரியாக்களின் கழிவு. துவைத்த துணியில் வரும் புழுங்கல் வாடைக்கு மொராக்செல்லா என்ற வகைப் பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். பூஞ்சைக்கும் ஈரமான இருட்டு என்றால் கொண்டாட்டம். தூசுச் சிற்றுண்ணிகள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் தோல் துணுக்குகளைத் தின்று வாழும், நம்மைக் கடிக்காது. ஆனால் அவற்றின் எச்சம் மூக்கில் போனால் சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். இவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். போர்வையை நன்றாக உலர்த்திவிட்டால் அவை வறண்டு சாகும். 60 டிகிரி வெந்நீரிலும் சாகும்.

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, பானையின் மேல் அடுக்கி, கீழே தீமூட்டி நீராவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் உள்ள காரம் எண்ணெய்ப்பசையைக் கரைக்கும். நீராவியின் சூட்டில் கிருமியும் பேனும் மிஞ்சாது. நுண்ணோக்கி எதுவும் பார்க்காமல் அனுபவத்தாலேயே அவர்கள் கண்டுகொண்ட அறிவியல் அது. அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

எல்லாப் பஞ்சையும் துவைக்கலாமா? கூடாது. அப்பத்தா படுப்பது இலவம்பஞ்சு மெத்தை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவ மரங்கள் நிறைய. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழல், மேலே மெல்லிய மெழுகுப்பூச்சு. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை எளிதில் ஒடியும். துவைத்துப் பிழிந்தால் குழல்கள் நசுங்கிக் கட்டிபட்டுவிடும். அதனால் அதை வெயிலில் போட்டுத் தட்டுவார்கள், அல்லது பஞ்சைப் பிரித்து மறுபடி அடைப்பார்கள். பருத்திப் பஞ்சு அடைத்த ரஜாயிலும் இதே வழக்கம். உறையை மட்டும் துவைப்பார்கள், பஞ்சை வில்லால் அடித்துப் பொங்க வைப்பார்கள். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் அநேகமாகப் போகாது, இழைகளுக்கு நடுவேதான் நிற்கும். பருத்தியோ இழைக்குள்ளும் குடித்துவிடும். அதைக் காயவைப்பது இன்னும் பெரிய பாடு.

எங்கள் போர்வை நான்கு மணிக்கு 2.6 காட்டியது. வெயில் இறங்கிவிட்டது. பனி இறங்குவதற்குள் எடுத்து, மடிக்காமல், கூடத்தில் இரண்டு நாற்காலிகளின் மேல் விரித்து மின்விசிறியைப் போட்டோம். மறுநாள் காலை மறுபடி மாடி. பதினோரு மணிக்கு எடைத்தட்டில் 2.4. கையில் எடுத்தபோது தலையணைபோல் உப்பியிருந்தது. 130 லிட்டர் காற்றும் வீடு திரும்பிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். துவைக்கும் முன்பே காய்ந்த எடையை எழுதிக்கொள்ளுங்கள், மறந்துவிட்டால் பிறகு ஒப்பிட எண் இருக்காது. மணிக்கொரு தடவை எடை பார்த்துப் புள்ளி வைத்து வரைபடம் போடுங்கள். கோடு எந்த இடத்தில் வளைகிறது என்று கவனியுங்கள். ஈரப் போர்வை பத்துக் கிலோ இருக்கலாம், பெரியவர்கள் துணையில்லாமல் தூக்காதீர்கள், மாடிச் சுவரோரம் போகாதீர்கள். எங்கள் போர்வையின் ஓரத்தில் அழியாத மையால் 2.4 என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். அந்த எண் வந்தால்தான் இனிமேல் அது பரண் ஏறும்.